பியானோ மாணவரை இசைப்போட்டி விழாவுக்கு ஆயத்தஞ் செய்தல்

பியானோ பயிலும் மாணவர் ஒருவர் தம் வீட்டின்கண் தனித்திருந்து வாசிப்பது ஒன்று. அரங்கேறி, அறியாதார் பலர் முன்னிலையில், தீர்ப்புரைக்க அமர்ந்திருக்கும் நடுவர் கேட்க வாசிப்பது மற்றொன்று. முன்னதில் தேர்ந்தவர் பின்னதில் தளர்வதைக் கல்லூரி விழாக்களிலும் திருச்சபை இசைப்போட்டிகளிலும் பன்முறை கண்டிருக்கின்றோம். அவ்வாறு தளர்ந்தோருட் சிலர் அன்றோடு பியானோவின் மூடியைத் திறவாது விட்டுவிடுவதும் உண்டு. பல்லாண்டு முயன்று கற்ற கலை ஒரு பிற்பகலின் தீர்ப்பால் கைவிடப்படுதல் பேரிழப்பாகும். அவ்விழப்பைத் தடுப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள். பரிசு பெறுதற்கான குறிப்புகளும் இதன்கண் உள. ஆயினும் தீர்ப்பு யாதாயினும் மறுநாட் காலையில் மாணவர் மீண்டும் தம் வாத்தியத்தின்முன் அமருமாறு அவரை ஆயத்தஞ் செய்வதே ஆசிரியரின் முதற்கடன் என்று துணிந்து, அத்துணிபின்மேல் இதனை எழுதலுற்றோம்.

விழாவும் தேர்வும்

நடுவர் தீர்ப்போடு கூடிய இசைவிழா என்னும் ஏற்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் வேரூன்றியது. 1882-ஆம் ஆண்டில் ஜான் ஸ்பென்ஸர் கர்வென் என்பார் இலண்டனுக்குக் கிழக்கே ஸ்ட்ராட்போர்டில் ஒரு விழாவைத் தொடங்கினார். 1885-இல் மேரி வேக்பீல்டு அம்மையார் வடபாலுள்ள கெண்டல் நகரையடுத்து மற்றொன்றைத் தொடங்கினார். இத்தகைய விழாக்கள் பெருகவே, 1921-இல் அவற்றிற்கென ஒரு கூட்டமைப்பும் எழுந்தது. ஸ்பென்ஸர் கர்வெனின் தந்தையாரே, நம் திருச்சபைப் பாடகர் குழுவினர் பல தலைமுறையாகக் கற்றுவந்த 'டானிக் சால்பா' முறையை உலகெங்கும் பரப்பிய ஜான் கர்வென் (1816–1880) ஆவர். ஆதலின் இவ்விழாக்களின் வேரும் நம் ஆலயப் பாடலின் வேரும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை எனலாம்.

விழாவும் தேர்வும் தம்முள் வேறானவை என்பதை மாணவர் முதற்கண் உணர்தல் வேண்டும். நம் நாட்டில் பியானோ பயில்வோர் பெரும்பாலும் எழுதுவன இலண்டன் டிரினிட்டி கல்லூரியின் தேர்வுகளும், 1889-இல் நிறுவப்பட்ட அசோஸியேட்டட் போர்டின் தேர்வுகளுமே. சென்னையில் 1842-இல் தோன்றிய 'மியூஸி மியூஸிகல்' என்னும் இசைக்கருவி நிலையம் டிரினிட்டி தேர்வுகளோடு நெடுங்காலத் தொடர்புடையது. டிரினிட்டி தேர்வில் மொத்த மதிப்பெண் 100. 60 பெற்றார் தேறுவர். 87-உம் அதற்கு மேலும் பெற்றார் முதன்மைச் சிறப்புப் பெறுவர். அசோஸியேட்டட் போர்டில் மொத்தம் 150. தேறுதற்கு 100, முதன்மைச் சிறப்புக்கு 130. இவற்றில் மாணவர் ஓர் அளவுகோலோடு ஒப்பிடப்படுகின்றாரேயன்றி மற்றொரு மாணவரோடு ஒப்பிடப்படுவதில்லை. அறையில் தேர்வாளரையன்றி வேறெவரும் இரார். 2020 முதற்கொண்டு ஒளிப்பதிவு செய்து அனுப்பும் முறையும் வந்துவிட்டமையால், தேர்வாளரைக் காணாமலே தேறுதலும் கூடுவதாயிற்று.

விழாவோ அத்தகையதன்று. அங்கே சபை உண்டு. உடன் போட்டியிடுவோர் முன்வரிசையில் அமர்ந்து கேட்பர். ஒரே உருப்படியைப் பலர் அடுத்தடுத்து வாசிப்பதும் நிகழும். முடிவில் நடுவர் எழுந்து ஒவ்வொருவர் வாசிப்பையும்பற்றிச் சபையறியப் பேசுவர். ஆதலின் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவர் விழாவுக்கும் ஆயத்தமானவர் என்று ஆசிரியர் எண்ணிவிடலாகாது.

நம் முன்னோர் வழி

இவ்வேற்பாடு நமக்கு முற்றும் அயலானது என்று கருதுவோர் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நினைவுகூர்க. மாதவி ஐந்தாம் வயதிற் பயிற்சி தொடங்கி, ஏழாண்டு கற்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன்னிலையில் ஆடித் தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன்னும் பெற்றாள். இதனினும் நாம் கருதத்தக்கது இளங்கோவடிகள் அச்செய்தியைக் கூறும் முறையாகும். ஆடினாள் என்று சொல்லுமுன் அவர் ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், மத்தளம் முழக்குவோன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்தோதுகின்றார். பின்னர் அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல், உயரம் ஒரு கோல் என அளவுகளையும் வகுக்கின்றார். இவையெல்லாம் நிரம்பிய பின்னரே நடம் தொடங்குகின்றது. ஆயத்தம் பெரும்பகுதி, ஆட்டம் சிறுபகுதி என்பது அக்காதையின் அமைப்பாலேயே பெறப்படும்.

அக்காதையிலுள்ள இசைச் செய்திகளுக்கு விரிவான விளக்கம் எழுதிய அடியார்க்குநல்லார் நம் கொங்குநாட்டு நிரம்பையைச் சேர்ந்தவர் என்பர். அவருரையை உ. வே. சாமிநாதையர் 1892-இல் பதிப்பித்திராவிடின் பழந்தமிழிசை பற்றி நாம் அறிவது மிகக் குறைந்திருக்கும். ஆகவே அரங்கேற்றத்துக்கான ஆயத்தம் பற்றிக் கோயம்புத்தூரிலிருந்து எழுதுவதும் படிப்பதும் நம் நாட்டிற்குப் புதுவதன்று.

உருப்படியைத் தெரிந்தெடுத்தல்

தோல்விகளுட் பல, விழா நாளில் நேர்வனவல்ல. உருப்படியைத் தெரிந்தெடுத்த நாளிலேயே நேர்ந்துவிடுவன. மாணவர் தம் ஆற்றலின் எல்லையில் நிற்கும் உருப்படியை விரும்புவர். பெற்றோர் அதனினும் கடியதை விரும்புவர். ஆசிரியரோ அவ்வெல்லைக்கு ஒரு படி கீழே நிற்பதனைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். மேடையின்மேல் ஆற்றலில் ஒரு பங்கு அச்சத்துக்குச் செலவாகிவிடும். எஞ்சியதைக்கொண்டே வாசிக்க வேண்டியிருத்தலின் இவ்விதி இன்றியமையாததாகின்றது.

எடுத்துக்காட்டாக, பீத்தோவன் 1810-இல் எழுதிய 'பர் எலீஸ்' என்னும் சிற்றுருப்படியைக் கூறலாம். அதன் முதற்பகுதியை அறியாத பியானோ மாணவர் நம்மூரில் அரியர். அதனை நம்பியே பலர் அதனைப் போட்டிக்கு எடுத்துக்கொள்கின்றனர். ஆயின் அதன் இடையே வரும் இரு பகுதிகளும் முதற்பகுதியினும் கடியவை; ஒன்றில் வலக்கை விரைந்தோட வேண்டும்; மற்றொன்றில் இடக்கை ஒரே ஸ்வரத்தை ஓயாது மீட்டிக்கொண்டிருக்க வேண்டும். எளிய பகுதிக்கு ஏற்ற காலப்பிரமாணத்தில் தொடங்கியவர் அங்கே வந்து இடறுவர். எந்த உருப்படியாயினும் அதன் மிகக் கடிய நான்கு தாளக்கட்டுகளை எந்த வேகத்தில் பழுதின்றி வாசிக்கக் கூடுமோ, அதுவே முழுவதற்கும் உரிய வேகம் எனக் கொள்க.

இனி, பாஃக் 1723-இல் திருத்தமாக எழுதிவைத்த இருகுரல் 'இன்வென்ஷன்'கள் பதினைந்தும் மாணவர்க்கென்றே இயற்றப்பெற்றவை. அவற்றுள் முதலாவது 22 தாளக்கட்டுகளே உடையது. நான்கு ஸ்தாயிக்குள் அடங்குவது. பார்வைக்கு எளிதாயினும் இரு கைகளும் சமமாகப் பாட வேண்டியிருத்தலின் நடுவர்க்கு மாணவரின் செவியை நன்கு காட்டிவிடும். இத்தகைய சிற்றுருப்படியைச் செம்மையாக வாசித்தவர், பெரியதொன்றைத் தத்தளித்து வாசித்தவரினும் மதிக்கப்பெறுவர்.

வேகம் என்றவுடன் மற்றொன்று கூற வேண்டியுள்ளது. 2019-ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நடந்த 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' என்னும் போட்டியில் சென்னைச் சிறுவர் லிடியன் நாதஸ்வரம் வென்று பத்து இலட்சம் டாலர் பரிசு பெற்றார். ரிம்ஸ்கி-கோர்ஸகோவ் இயற்றிய வண்டின் பறத்தலைக் காட்டும் உருப்படியை அவர் வேகத்தை மேன்மேலும் ஏற்றி வாசித்தமை உலகெங்கும் வியக்கப்பெற்றது. தமிழ்ச் சிறுவர் ஒருவர் அவ்வுயர்வு பெற்றதில் நாம் மகிழ்தல் தகும். ஆயின் அதனைக் கண்ட மாணவர் பலர், விரைவே வெற்றி என்று முடிவு கட்டிக்கொண்டனர். அந்நிகழ்ச்சி வியப்பை நாடியது; இசைவிழா நடுவர் நாடுவது வேறு. நம் கொங்குநாட்டு ரேக்ளாப் பந்தயத்தில் முந்திய வண்டிக்கே பரிசு. பியானோவில் முதலில் முடித்தவர்க்குப் பரிசில்லை.

பன்னிரண்டு வாரம்

விழாவுக்குப் பன்னிரண்டு வாரம் முன்னரே உருப்படி முடிவாதல் நன்று. அக்காலத்தை மூன்றாகப் பகுத்துக்கொள்க.

முதல் நான்கு வாரம் கற்றலுக்குரியது. ஒவ்வொரு கையும் தனித்தனியே பயிலப்படுதல் வேண்டும். எந்தக் கட்டையை எந்த விரல் தொடும் என்பதை இசைத்தாளில் எழுதிவிட்டுப் பின்னர் மாற்றாதிருத்தல் வேண்டும். அச்சம் மிகும்போது மனம் மறந்தாலும் விரல் மறவாமைக்கு இதுவே காப்பு. இக்காலத்தில் வேகம் இறுதி வேகத்திற் பாதிக்கு மேற்செல்லலாகாது.

அடுத்த நான்கு வாரம் மனனத்துக்கும் பாவத்துக்கும் உரியது. மனனம் ஒரே வகையினதன்று. விரலின் பழக்கத்தால் வருவது ஒன்று; செவியால் வருவது ஒன்று; இசைத்தாளைக் கண்முன் காண்பதுபோல் வருவது ஒன்று; 'இங்கே ஸ்வரஸ்தாயி மாறுகின்றது, இங்கே முதற்கருத்து மீள்கின்றது' என்று அறிவால் வருவது ஒன்று. முதலாவது மட்டும் உடையவர் ஓரிடத்தில் இடறினால் தொடக்கத்துக்கே திரும்ப நேரும். ஆதலின் உருப்படியில் ஐந்தாறு இடங்களைத் தங்குமிடங்களாகக் குறித்துக்கொண்டு, ஆசிரியர் எதனைச் சொன்னாலும் அங்கிருந்து தொடங்குமாறு பழகுக. மேற்சொன்ன முதல் இன்வென்ஷனில் ஏழாந் தாளக்கட்டிலும் பதினைந்தாந் தாளக்கட்டிலும் இசை தெளிவாக முடிந்து மீளத் தொடங்குகின்றது. இவையே இயற்கையான தங்குமிடங்கள்.

இடறினால் செய்வது யாது என்பதையும் முன்னரே கற்பித்தல் வேண்டும். சென்னிமலை நெசவாளி இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிந்துகொள்வார். மேடையில் தறியை நிறுத்துதல் இயலாது. தாளத்தை விடாமல் அடுத்த தங்குமிடத்துக்குத் தாவுதலே வழி. ஆசிரியர் பாடவேளையில் வேண்டுமென்றே கதவைச் சாத்தியும், புத்தகத்தைக் கீழே போட்டும், மாணவரைத் திடுக்கிடச் செய்து இதனைப் பழக்கலாம்.

இறுதி நான்கு வாரம் கேட்போர்முன் வாசித்தற்குரியது. முதலில் வீட்டார் முன்னும், பின்னர் விடுதித் தோழர் முன்னும், பின்னர் ஆலய மண்டபத்தில் சிறு கூட்டத்தின் முன்னும் எனக் குறைந்தது ஐந்து முறையேனும் வாசித்தல் வேண்டும். நடந்து வருதல், வணங்குதல், இருக்கையைச் சரிசெய்தல், கைகளை மடியில் வைத்து முதலிரு தாளக்கட்டுகளை மனத்துட் பாடிக்கொள்ளுதல், முடிந்தபின் ஒலி அடங்குமளவும் கை எடாதிருத்தல் ஆகிய அனைத்தும் வாசிப்பின் பகுதியே எனக் கொண்டு ஒத்திகை பார்க்க. கடைசி மூன்று நாளில் புதியது ஒன்றும் திருத்தலாகாது. மெதுவாக வாசித்தலும் நன்கு உறங்குதலும் போதும்.

வாத்தியமும் காற்றும்

நம் மாணவர்க்கு இயல்பாகவுள்ள ஓர் இடர்ப்பாட்டை இங்கே கூறாது விடுதல் தகாது. வயலின் வாசிப்பவர் தம் வயலினையே மேடைக்குக் கொண்டுசெல்வார். பியானோ மாணவரோ அங்கே நிற்கும் அயல் வாத்தியத்தில் வாசித்தாக வேண்டும். அன்றியும் அவருட் பலர் வீட்டில் வைத்திருப்பது பியானோவன்று. 61 கட்டைகளுடைய மின்விசைக் கீபோர்டே. பியானோவில் 88 கட்டைகளும் ஏறக்குறைய 230 தந்திகளும் உள. ஒவ்வொரு கட்டையின் பின்னும் ஒரு சம்மட்டி எழுந்து தந்தியைத் தாக்குகின்றது. அச்சம்மட்டியின் கனத்தை விரல் உணர்கின்றது. எடையில்லாக் கட்டைகளில் மட்டும் பழகிய விரல் மேடையில் வந்து மெலிய ஒலியை எழுப்ப முயலுங்கால் கட்டை ஊமையாகிவிடும். பெடலை அளந்து மிதித்தலும் கைவராது.

இக்குறையால் ஏழை மாணவர் விழாவை நாடாதிருத்தல் நீதியன்று. இதற்கு வழி உண்டு. ஸ்வரங்களையும் விரல்முறையையும் மனனத்தையும் கீபோர்டிலேயே கற்கலாம். முன்னர்க் கூறியபடி இன்வென்ஷன்கள் 61 கட்டைக்குள் அடங்கும். ஆயின் கடைசி ஆறு வாரமேனும், வாரத்தில் இரு முறையாவது, உண்மைப் பியானோ ஒன்றில் வாசிக்க இடஞ் செய்தல் வேண்டும். ஆலயங்களிலும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பூட்டிக்கிடக்கும் பியானோக்களின் திறவுகோலை மாணவர்க்கு ஈதல், பரிசுக்கோப்பை ஈதலினும் பயன் மிக்க தர்மமாகும். இதனைப் படிக்கும் பழைய மாணவருள் நிர்வாகப் பொறுப்புடையார் சிலரேனும் இருப்பர். அவர்கள் இதனைச் சிந்திப்பாராக.

நம்மூர்க் காற்றையும் கருத வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று கோவைமேல் வீசுகின்றது. மாசி, பங்குனியில் வறட்சி மிகுகின்றது. பியானோவின் ஒலிப்பலகை மரத்தாலாகியது. ஈரத்தில் பருத்துச் சுருதியை ஏற்றும். வறட்சியிற் சுருங்கித் தாழ்த்தும். ஆதலின் பருவம் மாறியபின் சுருதி கூட்டுதலும், விழாவுக்கு முந்தின நாள் ஒருமுறை சரிபார்த்தலும் விழா நடத்துவோர் கடன். வாத்தியத்தைச் சன்னலருகினின்றும் அகற்றி வைத்தல் செலவில்லாக் காப்பு. மாணவர், இயலுமாயின், விழாவன்று காலையில் அவ்வாத்தியத்தைச் சில நிமிஷம் தொட்டறிய அனுமதி கேட்டல் வேண்டும். கட்டையின் கனம், பெடலின் ஆழம், இருக்கையின் உயரம் ஆகிய மூன்றையும் அறிந்தால் போதும். இளங்கோவடிகள் அரங்கின் அளவை ஏன் கூறினார் என்பது அப்பொழுது விளங்கும்.

நடுவரும் தீர்ப்பும்

நடுவர் கேட்பன யாவை? ஸ்வரமும் தாளமும் பிழையின்மை முதலாவது. காலப்பிரமாணம் நிலைத்திருத்தல் இரண்டாவது. மேற்குரல் பாட மற்றவை அடங்கி நிற்கும் ஒலிச்சமன் மூன்றாவது. இயற்றியவர் காலத்துக்கும் நடைக்கும் ஏற்ற பாவம் நான்காவது. முதலிரண்டில் நடுவர் எவரும் பெரும்பாலும் ஒத்த முடிவே கூறுவர். பின்னிரண்டில் அவரவர் சுவை கலத்தல் இயல்பு.

இதற்குப் பெரிய சான்று ஒன்று உண்டு. 1980-இல் வார்ஸா நகரில் நடந்த ஷோபன் போட்டியில் யூகோஸ்லாவியாவினின்று வந்த ஈவோ போகொரெலிச் என்னும் இளைஞர் இறுதிச் சுற்றுக்கு அனுப்பப்படவில்லை. அது தகாதென மறுத்து, 1965-இல் அதே போட்டியில் முதற்பரிசு பெற்றிருந்த மார்த்தா ஆர்கெரிச் அம்மையார் நடுவர் பதவியினின்றும் விலகினார். அவ்வாண்டு முதற்பரிசு பெற்றவர் வியட்நாமியராகிய டாங் தாய் சோன். ஷோபன் போட்டியில் முதற்பரிசு பெற்ற முதல் ஆசியர் அவரே. போர்க்காலத்தில் ஹனோய் இசைப்பள்ளி நகரைவிட்டுக் கிராமத்துக்குக் குடிபெயர்ந்த நாள்களில் பயின்றவர். தள்ளப்பட்டவரும் பின்னர் உலகப்புகழ் பெற்றார்; பரிசு பெற்றவரும் பெற்றார். உலகத் தலைமை நடுவர்களே இங்ஙனம் மாறுபடுவராயின், நம்மூர் விழாவின் தீர்ப்பு ஒன்றினால் ஒரு மாணவியின் இசைவாழ்வு முடிவுறலாகாது என்பதை விளக்க வேறு சான்று வேண்டா. நல்ல வாத்தியம் இல்லாமையும் முயற்சியுடையார்க்கு இறுதித் தடையன்று என்பதும் இதனாற் பெறப்படும்.

நிற்க. நடுவர் எழுதித் தரும் தாளை விழா நாளிலேயே படித்துக் கலங்குதல் வேண்டா. மறுநாள் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கிருந்து அதிலுள்ளவற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்க. 'இன்ன இடத்தில் ஸ்வரம் தவறியது, தாளம் விரைந்தது' என்பன உண்மைக் குறைகள். அவற்றை மறுவாரமே திருத்துக. 'இடக்கை மிகுந்தொலித்தது, பெடல் கலங்கியது' என்பன பழக்கக் குறைகள். அவற்றை அடுத்த உருப்படியில் கருத்தூன்றித் திருத்துக. 'இதனை இன்னும் மென்மையாக விரும்புவேன்' என்பது போன்றவை சுவை பற்றியன. ஒருமுறை அவ்வாறும் வாசித்துப் பார்த்து, தமக்குப் பொருந்தினாற் கொள்க. பரிசு பெற்றவரும் இம்மூன்று பகுப்பையும் செய்தல் வேண்டும். பரிசு குறையை மறைத்துவிடும் ஆதலின் அவர்க்கு இது இன்னும் வேண்டற்பாலது.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும்

எந்த மாணவரை விழாவுக்கு அனுப்புவது என்பது ஆசிரியரின் பெரும் பொறுப்பு. 'பரிசு கிடையாது போயினும் இவ்வுருப்படியை வாசித்தமைக்காக மகிழ்வாயா?' என்று வினவுக. ஆம் என்பவரை அனுப்புக. இல்லை என்பவரைக் கேட்பவராக அழைத்துச் செல்க. அடுத்த ஆண்டு அவரே முன்வருவர். பெற்றோர் வீடு திரும்பும் வழியில் முதற்சொல்லாகப் பரிசைப் பற்றிப் பேசாதிருத்தல் நலம். தம் மகளின் வாசிப்பில் எவ்விடம் செவிக்கினிதாயிருந்தது என்பதைக் கூறுக; அச்சொல்லைப் பிள்ளை நெடுநாள் நினைவில் வைத்திருக்கும்.

மாணவ நண்பர்களே! நீவிர் மேடையேறுங்கால், உம்மைத் தண்டிக்க ஒருவர் காத்திருக்கின்றார் என்று எண்ணற்க. நடுவரும் ஒருகாலத்தில் நடுங்கும் விரலோடு அதே இருக்கையில் அமர்ந்தவரே. நன்கு வாசிக்கப்பட்ட உருப்படி ஒன்றைக் கேட்கவே அவர் அங்கு வந்திருக்கின்றார். பன்னிரண்டு வாரம் உண்மையாக உழைத்தீராயின் அவர்க்குக் கொடுக்கத்தக்கது உம்மிடம் உண்டு. அதனைக் கொடுத்துவிட்டு இறங்குக. விழா முடிந்த மறுநாள் காலையில் பியானோவின் மூடியைத் திறந்து, அதே உருப்படியை, எவரும் கேளாதபோது, உமக்காக ஒருமுறை வாசிக்க.